ஜாப் கார்டில் ஏறாத சத்தம்: முதல் கார் வாங்கிய நெல்லைக்காரர்களுக்கு வாரண்டி வழிகாட்டி

என் முதல் காரில் முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. காலையில் பாளையங்கோட்டை வீட்டிலிருந்து கிளம்பி முதல் வேகத்தடையில் இறங்கும்போது 'டக்' என்று ஒன்று. வண்ணார்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் சொன்னேன். "புது வண்டியில இது நார்மல் சார், ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாரண்டி முடிந்து ஐந்து வாரத்தில் அந்த 'டக்' 'கடகட' ஆகிவிட்டது. சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடும் ஸ்ட்ரட் மவுண்ட்டும் போய்விட்டன என்றார்கள். "வாரண்டியில் இருக்கும்போதே மூன்று தடவை சொன்னேனே" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினான். பழைய மூன்று ஜாப் கார்டுகளிலும், அதாவது வண்டியை விடும்போது அவர்கள் பதிகிற வேலைச் சீட்டுகளிலும், 'வாடிக்கையாளர் புகார்' என்ற இடத்தில் இருந்தவை: ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ், ஜெனரல் செக்கப். சத்தம் என்ற சொல்லே எங்கும் இல்லை. பில்லைக் கட்டிவிட்டு வந்தேன்.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் வாயால் சொன்னேன், அவர்கள் காதால் கேட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. வாரண்டி என்பது காகிதத்தில் நடக்கிற வேலை. அதை எப்படி நடத்துவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உங்கள் புத்தகத்தைப் படியுங்கள்

வண்டியோடு வந்த ஓனர் மேனுவல் பையில் வாரண்டிப் புத்தகமும் இருக்கும். பலர் வீட்டில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. அரைமணி நேரம் செலவழித்து மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்: எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எதற்கெல்லாம் கிடையாது.

'3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்' என்றிருந்தால் எது முதலில் வருகிறதோ அதோடு சரி. வாடகைக்கு ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் முதலில் முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வருடம் முதலில் முடியும். கணக்கு பெரும்பாலும் டெலிவரி எடுத்த நாளிலிருந்து ஓடும். ஆடி மாதம் புக் பண்ணி ஆவணியில் எடுத்தவர் ஆவணித் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். மாருதி 2024 ஜூலை வரை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றுதான் கொடுத்துவந்தது. அதன் பிறகுதான் 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர் ஆனது. ஒரே மாடல், ஒரே நிறம், உங்கள் அண்ணன் வண்டிக்கு ஒரு கணக்கு, உங்கள் வண்டிக்கு வேறு கணக்கு என்று இருக்கலாம். எலெக்ட்ரிக் காரில் பெரிய பேட்டரிக்கு மட்டும் தனிக் கணக்கு. பல கம்பெனிகள் 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுக்கின்றன.

இன்னொன்று. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கார் கம்பெனி இல்லை, அவற்றைத் தயாரித்த கம்பெனிதான். அந்த வாரண்டி அட்டைகள் தனியாக வந்திருக்கும். பழைய மின்சார பில்லோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

தயாரிப்பிலோ பாகத்திலோ உள்ள குறைக்குத்தான் வாரண்டி. தேய வேண்டியது தேய்ந்தால் அது குறை ஆகாது. பிரேக் பேட், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில் எல்லாம் நம் செலவு. விபத்து, வெள்ளம், எலி இவை மூன்றும் இன்ஷூரன்ஸ் கணக்கில் வரும்.

எலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்தப்பா வண்டியில் ஒரு நாள் ஏசி திடீரென்று நின்றுவிட்டது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, வாரண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகப் போனோம். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார், டார்ச் அடித்தார், இரண்டு விரலால் எதையோ எடுத்துக் காட்டினார். வைக்கோல், கொஞ்சம் நெல் உமி, பாதி கடித்த வயர்.

"அண்ணாச்சி, வீட்டுப் பக்கத்துல வயல் இருக்கா?"

"ஆமா. போன வாரந்தான் அறுப்பு முடிஞ்சுது."

"அப்போ வயல்ல இருந்த ஆளு இங்க குடி வந்துட்டாரு."

வயல் காலியானால் எலிக்கு அடுத்த இடம் சூடாக இருக்கும் இன்ஜின்தான். வாரண்டியில் இதற்கு ஒரு ரூபாய் கிடைக்காது. விரிவான இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், பாலிசி விதிகளைப் பொறுத்து அதில் கேட்டுப் பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். வண்டிக்குள் முறுக்குத் தூள், கடலை மிட்டாய் என்று சிந்தி வைக்காதீர்கள்.

வெள்ளத்துக்கு 2023 டிசம்பர் ஒன்றே போதும். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் மூழ்கிய கார்கள் எத்தனையோ. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை, ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்த்தது. அதுதான் கெடுத்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் இருப்பது தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் சாதாரண இன்ஷூரன்ஸும் இன்ஜின் செலவைத் தராமல் போகலாம். அதற்காகவே 'இன்ஜின் புரொடெக்ட்' என்று ஒரு கூடுதல் பாலிசி உண்டு. ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு என்றால் எடுத்து வைப்பது நல்லது. வண்டி மூழ்கிவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

வாரண்டியை நாமே கெடுத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. அதிகச் சத்தத்துக்கு ஹாரன், கூடுதல் வெளிச்சத்துக்கு லைட், பின் சீட்டுக்கு டிவி என்று ஜங்ஷன் கடையில் மாட்டும்போது ஒரிஜினல் வயரை வெட்டி டேப் சுற்றுவார்கள். பிறகு அந்தப் பக்கம் எந்த மின்கோளாறு வந்தாலும் கம்பெனி விரல் நீட்டுவது அந்த டேப்பை நோக்கித்தான். மாட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டாமல் சொருகுகிற கப்ளர் கேளுங்கள், பில்லும் வாங்கி வையுங்கள். அதேபோல் சர்வீஸைத் தேதிக்கு விடாமல் தள்ளிப்போட்டால், இன்ஜின் சம்பந்தப்பட்ட கோரிக்கை வரும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் அடிக்கடி வரும் கோளாறுகள்

ஏசியிலிருந்து ஆரம்பிப்போம், சித்திரை வெயிலில் முதலில் முகம் காட்டுவது அதுதான். ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது என்றால் முன்னால் இருக்கும் ஃபேனையோ, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரையோ பார்க்கச் சொல்ல வேண்டும். மொத்தமாகவே குளிர்ச்சி குறைந்துவிட்டது என்றால் காஸ் கசியலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: சும்மா காஸ் நிரப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது வண்டியில் காஸ் தானாகத் தீராது, எங்கேயோ ஓட்டை இருக்கிறது. 'கசிவுச் சோதனை செய்து காரணம் எழுதவும்' என்று கேளுங்கள். ஆனால் கல் தெறித்துக் கண்டென்ஸர் ஓட்டையானால் அது வாரண்டி இல்லை.

அடுத்தது என் பழைய நண்பன், சஸ்பென்ஷன் சத்தம். நம் ஊர் வேகத்தடைகள் சில கட்டுமானத் துறையின் சாதனைகள். லிங்க் ராடு, புஷ், மவுண்ட் என்று இதில் பல பாகங்கள் உண்டு. சில கம்பெனிகள் ரப்பர் புஷ்ஷுக்குக் குறைந்த காலம்தான் தருகின்றன, புத்தகத்தில் பாருங்கள்.

கிளட்ச்சில்தான் சண்டை அதிகம். கிளட்ச் பிளேட் தேயும் பாகம் என்பதால் வாரண்டி கிடையாது என்று சொல்வார்கள், பெரும்பாலும் அது சரிதான். ஆனித் தேரோட்ட சமயம் ரத வீதிப் பக்கம் அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்தவரும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் கிளட்ச் பெடலில் காலை ஊன்றியபடியே ஏறியவரும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே வண்டி எடுக்கும்போது நடுங்குகிறது, ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் படிந்திருக்கிறது என்றால் கதை வேறு. பிளேட்டைக் கழற்றும்போது நேரில் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போட்டோ எடுங்கள்.

மகன் துபாயில், கார் மேலப்பாளையத்தில் என்று நிற்கிற வண்டிகளில் பேட்டரி இறங்குவது கோளாறு இல்லை, பட்டினி. வாரம் ஒரு முறை யாராவது அரைமணி நேரம் ஓட்ட வேண்டும்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். பெட்ரோல் மூடியைச் சரியாக மூடினீர்களா என்று பார்த்துவிட்டு, நிதானமாக ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். அதே விளக்கு சிமிட்டினால் ஓரம் கட்டுங்கள். சிவப்பில் எண்ணெய்க் கிண்ணி மாதிரி ஒரு படம் வந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். 'வீடு பக்கத்தில்தானே' என்று ஓட்டினால் இன்ஜினும் போகும், 'தெரிந்தே ஓட்டினீர்கள்' என்று வாரண்டியும் போகும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார் வைத்துக்கொண்டு மார்க்கெட், ஸ்கூல், வீடு என்று மட்டும் ஓட்டுகிறவர்களுக்குப் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டதாக விளக்கு வரும். நாலுவழிச் சாலையில் நாங்குநேரி வரை ஒரே வேகத்தில் போய்வந்தால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

குற்றாலச் சீசனில் காலடி விரிப்பு நனைந்தால் கதவு ரப்பர், சன்ரூஃப் வடிகுழாய் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பணகுடி தாண்டி ஆடிக் காற்றில் கேட்கும் விசில் சத்தத்துக்கு மட்டும் ஊருக்குள் வந்தும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகார் செய்யுங்கள். அங்கே காற்றாலையே ஆடுகிறது. உவரி, கூடங்குளம் பக்கம் இருப்பவர்கள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். உப்புக்காற்றுத் துருவைச் சூழலால் வந்தது என்று கம்பெனி ஒதுக்கிவிடலாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'சத்தம் வருது' என்பது புகார் அல்ல. 'காலையில் முதல் ஸ்டார்ட்டில், 20 கிலோமீட்டர் வேகத்துக்குள், வேகத்தடையில் இறங்கும்போது, முன் இடது பக்கம் டக் என்று ஒரு சத்தம்' என்பதுதான் புகார். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து போனில் வீடியோ எடுங்கள், கிலோமீட்டர் எண்ணும் அதில் தெரியட்டும். சர்வீஸ் சென்டரில் கோளாறு ஒளிந்துகொள்ளும், டாக்டர் அறைக்குள் போனதும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி. வீடியோதான் அப்போது பேசும்.

காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக்கோடு சேர்ந்து ஸ்டார்ட் செய்யுங்கள். சனிக்கிழமையைத் தவிருங்கள், கூட்டத்தில் யாருக்கும் காது இருக்காது. வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி வேலை செய்து தர வேண்டும். திருநெல்வேலியில் சரிவரவில்லை என்றால் தென்காசியோ நாகர்கோவிலோ போய்ப் பாருங்கள்.

கவுன்டரில்

இந்த இடத்தில்தான் நான் கோட்டைவிட்டேன், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

சர்வீஸ் அட்வைசர் "என்ன கம்ப்ளைண்ட் சார்?" என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வார். நீங்கள் சொல்வது நாலு வரி, அவர் அடிப்பது இரண்டு சொல். கோபப்பட வேண்டாம், அவருக்குப் பின்னால் ஆறு வண்டி நிற்கிறது. எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் முன்னால் வையுங்கள்.

"தம்பி, இதை அப்படியே ஏத்திருங்க."

"ஜெனரல் செக்கப்னு போட்டா எல்லாம் பாத்துருவாங்க சார்."

"பாக்கட்டும். ஆனா இந்த வரியும் அதுல இருக்கணும். இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

இதற்கு மேல் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. ஜாப் கார்டில் நான்கைச் சரிபாருங்கள்: புகார் உங்கள் வார்த்தையில் இருக்கிறதா, கிலோமீட்டர் சரியா, வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்கள் குறித்திருக்கிறதா, வாரண்டி வேலை என்று போட்டிருக்கிறதா. நகல் கையில் வாங்குங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்த பிறகு வெளியே வாருங்கள்.

இதோடு 'இன்ஜின் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகக் கோட்டிங், மொத்தமா பண்ணிரலாமா சார்?' என்று ஒரு கேள்வி வரும். சர்வீஸ் அட்டவணையில் அது இருக்கிறதா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அட்டவணையில் இல்லாததற்கு நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் வாரண்டி ஒன்றும் போகாது.

பிறகு காத்திருப்பு. பெரிய பாகம் என்றால் சர்வீஸ் சென்டர் போட்டோவும் ஸ்கேனர் அறிக்கையும் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். பாகம் வெளியூரிலிருந்து வரலாம். 'வந்துரும் சார்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், ஆர்டர் போட்ட தேதியை வாங்குங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது வேலை செய்த மெக்கானிக்கோடு அதே வேகத்தடைக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். வாரண்டியில் மாற்றிய பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், அதை வீட்டுக்குத் தர மாட்டார்கள். பார்க்க மட்டும் கேட்கலாம். தொகை பூஜ்யம் என்று வரும் பில்லைத்தான் எல்லாரும் கசக்கிப் போடுகிறார்கள். அதுதான் முக்கியமான பில். அந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. புதுப் பாகத்துக்கு வாரண்டி பெரும்பாலும் வண்டியின் மிச்ச நாள்கள் வரைதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரிசெய்த கோளாறு திரும்ப வந்தால் புதிய ஜாப் கார்டில் பழைய வாசகத்தையே வைத்து, 'இரண்டாம் முறை' என்று சேர்த்துவிடுங்கள். வார்த்தை மாறினால் அது புதுக் கோளாறாகிவிடும்.

மறுத்தால்

'வாரண்டியில் வராது' என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்டாலே பாதிப் பேர் மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுவார்கள். அடுத்து ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் மின்னஞ்சல். ஜாப் கார்டு எண்கள், தேதிகள், வீடியோ, என்ன வேண்டும் என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். மாவட்டங்களைக் கவனிக்கும் கம்பெனி சர்வீஸ் அதிகாரி சர்வீஸ் சென்டருக்கு வரும் நாளில் வண்டியைக் காட்ட நேரம் கேளுங்கள்.

அங்கும் நகரவில்லை என்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம்தான். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். 'தயாரிப்புக் குறை' என்று சொல்லி முழு வண்டியையும் மாற்றிக் கேட்டால் நிபுணர் அறிக்கை வரை போக வேண்டிவரும். அதனால் பாகம், செலவு, அலைச்சலுக்கு ஈடு என்று அளவாகக் கேட்டவர்களுக்கு வேலை சுலபமாகிறது என்பது என் எண்ணம்.

ரீகால் என்பது இதிலெல்லாம் சேராது. ஒரு மாடலில் பொதுவாகவே குறை இருப்பது தெரிந்து கம்பெனி திரும்ப அழைத்தால் வேலை இலவசம். 2021 ஏப்ரல் முதல் இதற்குத் தனி விதிகளே உள்ளன, 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். ஆர்சியில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் உண்டா என்று தெரியும். பழைய கார் வாங்கியவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். முந்தின முதலாளி கடிதத்தைப் பார்க்காமலே விட்டிருக்கலாம். நீட்டித்த வாரண்டி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றவும் கேளுங்கள்.

முடிவதற்கு ஒரு மாதம் முன்பு

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் ஒதுக்கி, கண்ணாடி ஏற்றி இறக்குவது முதல் ஸ்பீக்கர் வரை வண்டியில் உள்ள ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று நீங்களே குனிந்து பாருங்கள். சின்னதாகத் தெரிவதையும் ஜாப் கார்டில் ஏற்றுங்கள். நீட்டித்த வாரண்டி எடுப்பதென்றால் முதல் வாரண்டி உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர், பெரிய திரை, சென்சார்கள் நிறைய உள்ள வண்டி என்றால் எடுக்கலாம் என்பேன். சாதாரண மேனுவல் வண்டிக்கு விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது இருப்பது என் இரண்டாவது கார். வாரண்டி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முந்தைய தாளை சமையலறைத் தினசரி காலண்டரில் மடக்கி வைத்திருக்கிறேன். வருடம் பிறந்து காலண்டர் மாறும்போது முதலில் மடங்குவது அந்தத் தாள்தான்.